அஞ்சு மன்றம், ஒரு டீச்சர், ஒரு ஊருணி

கேள்வி:

ஐயா வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்து அரசு உயர்நிலைப்பள்ளியில அறிவியல் டீச்சரா இருக்கேன், சேர்ந்து ரெண்டாவது வருஷம். புதுசா வந்தவன்னு எல்லா மன்றத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. பசுமைப்படை, வானவில் மன்றம், இலக்கிய மன்றம், ஜே.ஆர்.சி. (ஜூனியர் ரெட் கிராஸ்), நுகர்வோர் மன்றம்னு மொத்தம் அஞ்சு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு ஒண்ணுதான் இருக்கு. பேனரைக் கட்டி நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப் குரூப்ல போட்டா அன்னிக்கு மன்றம் முடிஞ்சுது. எதுக்குமே அதே ஆறு பிள்ளைங்கதான் வருது, மத்ததெல்லாம் பின்னாடி உக்காந்து பைக்கட்டைக் கட்டிட்டு பஸ்ஸை எதிர்பாத்துட்டு இருக்கும். போன வாரம் ஒரு எட்டாப்பு பையன் "டீச்சர் இது மார்க்குக்கு வருமா"ன்னு கேட்டான், எனக்குப் பதில் சொல்லத் தெரியல. ஹெச்.எம். நல்லவங்கதான், ஆனா கேட்டைத் தாண்டி எங்கயும் கூட்டிட்டுப் போகாதேன்னு சொல்றாங்க. பத்தாப்பு பேரன்ட்ஸ் இதெல்லாம் வேண்டாம்னு சண்டைக்கு வர்றாங்க. இதுக்கு உயிர் குடுக்க வழி இருக்கா, இல்ல ரெஜிஸ்டரை மட்டும் எழுதிட்டு சும்மா இருந்துறலாமா?

பதில்:

வணக்கம் டீச்சர். சும்மா இருந்துறலாமான்னு கேக்குறீங்க பாருங்க, சும்மா இருக்க நெனைக்கிறவுக லெட்டர் போட மாட்டாக, அதனால அந்தக் கேள்விய விட்டுருவோம்.

மொதல்ல ஒண்ணு. இது உங்க திறமைக் குறைச்சல் இல்ல. பசுமைப்படை 2001-ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டாந்தது, ஜே.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்தோட பிள்ளை, வானவில் மன்றம் 2022 நவம்பர்ல நம்ம பள்ளிக்கல்வித்துறை திருச்சியில ஆரம்பிச்சது, நுகர்வோர் மன்றம் உணவு வழங்கல் துறைப் பக்கத்துலருந்து வருது. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆபீஸ், ஒரு சர்க்குலர், ஒரு ரெஜிஸ்டர், வருஷ முடிவுல ஒரு அறிக்கை. மேல இருக்குற யாருக்கும் இது அஞ்சும் கீழ ஒரே கழுத்துல வந்து விழுதுன்னு தெரியாது. நாப்பது நிமிஷத்தை அஞ்சாப் பிரிச்சா ஆளுக்கு எட்டு நிமிஷம், அதுல பேனர் கட்ட அஞ்சு நிமிஷம் போயிரும், மிச்சம் இருக்குறதுல போட்டோதான் எடுக்க முடியும், வேற என்னத்தப் பண்றது.

அதனால நான் சொல்றது, அஞ்சு மன்றத்துக்கும் அஞ்சு நிகழ்ச்சி யோசிக்கிறதை நிறுத்துங்க. ஒரே ஒரு கேள்வியை எடுங்க. அந்தக் கேள்வி உங்க ஊர்லருந்து வரணும், அதுக்குப் பதில் உங்களுக்கும் தெரியக் கூடாது, கைடுலயும் இருக்கக் கூடாது, கூகுள்ல போட்டாலும் வரக் கூடாது. வகுப்புல நாம கேக்குற ஒவ்வொரு கேள்விக்கும் பதில் நமக்கு முன்னாடியே தெரியும், பிள்ளைகளுக்கும் அது தெரியும், அதனாலதான் யாரு கை தூக்குவான்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போயி அதே ஆறு பேரு தூக்குது. டீச்சருக்கே தெரியாதுன்னு ஒரு கேள்வி வந்தா அந்தக் கடைசி பெஞ்சு கொஞ்சம் முன்னாடி நகரும். இதை நான் நிறைய ஸ்கூல்ல பாத்துருக்கேன்.

அந்த எட்டாப்பு பையனுக்குப் பதில் சொல்லிருங்க, "வராதுப்பா"ன்னு. ஒரு மார்க்கும் வராது. "வாழ்க்கைக்கு உதவும்"னு சுத்தி வளைச்சா அவன் நம்ப மாட்டான், நம்பவும் கூடாது. மார்க்கு இல்ல, ஆனா இங்க நீ தப்பாச் சொன்னாலும் யாரும் சிவப்பு இங்க்ல அடிக்க மாட்டாகன்னு சொல்லுங்க, அது உண்மை, அது அவனுக்குப் பெரிய விஷயம்.

சரி, கேள்விக்கு வர்றேன். உங்க ஊர் பேரு நீங்க எழுதல, ஆனா நம்ம பக்கம் ஊருணி இல்லாத ஊரு இருக்காது. படித்துறை வச்ச ஊருணியா இருந்தா உங்களுக்கு ஒரு பைசா செலவு இல்ல. கேள்வி இதுதான்: இந்த ஊருணியில இன்னிக்கு எத்தனை படி வெளிய தெரியுது, போன வருஷம் இதே நாள் எத்தனை படி தெரிஞ்சுது? முதல் பாதிக்கு ஒரு பிள்ளை எண்ணிச் சொல்லிரும். ரெண்டாவது பாதிக்கு ஊர்ல ஒருத்தராலயும் பதில் சொல்ல முடியாது. பிரசிடென்ட்டுக்குத் தெரியாது, டீக்கடையில கேட்டா "அப்பெல்லாம் தண்ணி கிடந்துச்சு"ம்பாக, எந்த அப்ப, எத்தனை படின்னு கேட்டா முழிப்பாக. இனிமே தெரியணும்னா யாராவது எழுதி வைக்கணும், அந்த யாராவது உங்க பிள்ளைக.

எப்படி எண்ணுறதுன்னா, தண்ணியில கால் வைக்கவே தேவையில்ல, கரையில மேல நின்னு காஞ்ச படியை எண்ணினா போதும். ஒரு தடவை மட்டும் தண்ணி இறங்கியிருக்குற நாளாப் பாத்து, நீங்களும் கூட ரெண்டு பெரியவுகளும் நின்னு, படியோட உயரத்தை டேப் வச்சு அளந்து வச்சுக்கங்க. எல்லாப் படியும் ஒரே உயரம் இருக்காது, பழைய செம்புறாங்கல் படி தேஞ்சு போயிருக்கும், சிலது மண்ணுக்குள்ள போயிருக்கும். அதை அப்படியே எழுதுங்க, சராசரி போட்டு அழகுபடுத்தாதீங்க. அப்புறம் வாரா வாரம் ஒரு நம்பர். தேதி, காஞ்ச படி எத்தனை, எண்ணினது யாரு. அவ்வளவுதான் ரெஜிஸ்டர். ரெண்டு பிள்ளை தனித்தனியா எண்ணணும், ரெண்டும் ஒத்துப் போகலைன்னா மூணாவது ஆளு எண்ணணும். இந்த "ஒத்துப் போகலை"ங்குற இடத்துலதான் நிஜமான அறிவியல் நடக்கும், ஏன்னா பாதி நனைஞ்ச படியைக் காஞ்சதா எடுக்குறதா நனைஞ்சதா எடுக்குறதான்னு பிள்ளைக சண்டை போடும், நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க, அதுகளே ஒரு விதி போட்டு எழுதிக்கட்டும்.

இதோட மழையைச் சேக்கணும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல பிடிக்கும், அதுக்கு முன்னாடி ஆவணி புரட்டாசியில இடி மழை வரும், அதுக்குள்ள மழைமானி தயாரா இருக்கணும். ரெண்டு லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல, மேல சரியுற பகுதியை வெட்டித் தலைகீழாக் கவுத்து புனல் மாதிரி உள்ள வச்சுருங்க. பாட்டில் அடி மேடு பள்ளமா இருக்கும்ல, அதனால கொஞ்சம் கூழாங்கல் போட்டு, சமமா நேரா வர்ற இடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அங்க கோடு போட்டு அதைப் பூஜ்யம்னு வச்சுக்கணும், அதுக்கு மேல ஸ்கேலை ஒட்டிட்டா ஏறுற உயரம்தான் மழை மில்லிமீட்டர். வாய் அகலமும் உடம்பு அகலமும் ஒண்ணா இருக்குற பாட்டிலா பாருங்க, இடுப்பு ஒடுங்கின பாட்டில் வேண்டாம், கணக்கு தப்பிரும். மரத்தடியிலயும் சுவரோரத்துலயும் வைக்காம கிரவுண்டுல வெட்டவெளியா வைங்க, காத்துல சாயாம நாலு செங்கல் சுத்தி வச்சுருங்க, ஒவ்வொரு தடவை எழுதினதும் மறுபடி பூஜ்யம் கோட்டுக்குக் கொண்டாந்துரணும், வெயில்ல அந்தத் தண்ணி வத்தும் அதையும் பாத்துக்கங்க. வானிலை ஆய்வு மையம் காலையில எட்டரைக்குத்தான் 24 மணி நேரக் கணக்கை முடிக்கும், நீங்களும் எட்டரைன்னே வச்சுக்கங்க, ஸ்கூலுக்குப் பக்கத்துல குடியிருக்குற பிள்ளைக்கு அந்த வேலை. பெரும்பாலும் அது ஆறு பேர் லிஸ்ட்ல இல்லாத பிள்ளையா இருக்கும்.

கணக்கு இதுலருந்து தானா வரும். ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தா ஒரு லிட்டர். உங்க ஸ்கூல் கட்டடம் 20 மீட்டர் நீளம் 8 மீட்டர் அகலம்னு வைங்க, 160 சதுர மீட்டர் மாடி, ஒரு சென்டிமீட்டர் மழை பேஞ்சா 1,600 லிட்டர் மாடியில விழுந்துருச்சு. அது எங்க போச்சுன்னு அடுத்த கேள்வியைப் பிள்ளையே கேக்கும், நீங்க கேக்காதீங்க. மழைநீர் சேகரிப்புத் தொட்டி ஸ்கூல்ல இருக்கும், அதுக்குப் போற குழாய் உடைஞ்சு கிடக்கும், அதையும் அதுகளே கண்டுபிடிச்சு வந்து சொல்லும். நம்ம ஊர் பெரிய வீடுகள்ல வளவு முற்றத்துல விழுற மழையை அண்டாவுல பிடிச்சு வச்சு மிச்சத்தைத் தெருக் கால்வாயில விட்டு ஊருணிக்கு அனுப்பினாகல்ல, அந்த வீட்டு மாடியை அளந்து கணக்குப் போடச் சொன்னா ஏழாப்பு பிள்ளை பரப்பளவை மறக்காது. வானவில் மன்றம் ஆறுலருந்து எட்டு வரைக்கும்தானே, இந்தக் கணக்கு அறிவியல் ரெண்டும் அதுக்குத்தான். மன்றத்துக்குச் சோதனை செஞ்சு காட்ட வெளியிலருந்து கருத்தாளர் வர்ற நாள்ல அவுக கொண்டு வர்ற சோதனையைப் பண்ணட்டும், மத்த நாள்ல இது. ரெஜிஸ்டர்ல பொய் எழுத வேண்டிய அவசியமே வராது.

போட்டோ கேக்குறாகன்னா குடுங்க, ஆனா பேனரை வச்சு எடுக்காதீங்க. ஊருணிக் கரையில ஒரே இடத்துல நின்னு, ஒரே பக்கம் பாத்து, மாசத்துக்கு ஒண்ணு. ஆடி மாசப் படமும் கார்த்திகை மாசப் படமும் பக்கத்துல பக்கத்துல வச்சா அதுக்கு மேல எந்தப் பேனரும் வேண்டாம், குரூப்லயும் அன்னிக்காவது நாலு பேரு உத்துப் பாப்பாக.

இலக்கிய மன்றத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், எனக்கு அதுல கோபம் உண்டு. நம்ம பக்கம் பேச்சுன்னா ஒரு மயக்கம் இருக்கு. சா. கணேசன் காரைக்குடியில 1939-ல கம்பன் கழகம் ஆரம்பிச்ச மண்ணு, பங்குனியில பேச்சைக் கேட்டே வளந்த ஊரு, எல்லாம் சரி. ஆனா ஸ்கூல்ல என்ன நடக்குது, தமிழ் ஐயாவோ அப்பாவோ எழுதிக் குடுத்ததை மனப்பாடம் பண்ணி "அவையோர் அனைவருக்கும்"னு ஆரம்பிச்சு மூச்சு விடாம ஒப்பிச்சு, நடுவுல ஒரு வரி மறந்தா கண்ணு கலங்கிப் போய் இறங்குது. அது பேச்சு இல்ல டீச்சர், அது தண்டனை. அதுல நல்லா ஒப்பிக்கிற அந்த ரெண்டு பேரு மட்டும் எல்லாப் போட்டிக்கும் போவாக.

நீங்க இலக்கிய மன்றத்தை ஊருணிக்கு அனுப்புங்க. ஊர்ல எழுபது வயசு தாண்டின ஆச்சி, அப்பத்தா, ஐயாமாரு இருப்பாக. குடிக்கிற ஊருணியில காலை நனைக்கவே விடமாட்டாக, காவல் இருக்கும், குளிக்க வேற ஊருணி மாட்டுக்கு வேற ஊருணின்னு இருந்த காலத்தைப் பாத்தவுக. யாரு தண்ணி எடுக்கலாம் யாரு எடுக்கக் கூடாதுன்னு இருந்ததையும் பாத்தவுக, அதைச் சொல்லத் தயங்குவாக, சொன்னா அதையும் எழுதணும், அழிக்கக் கூடாது. ரெண்டு ரெண்டு பிள்ளையாப் போயி அவுக சொல்றதை அவுக பேச்சுலயே எழுதிட்டு வரட்டும், கேள்வி நாலே நாலு போதும், அஞ்சாவது கேள்வி அங்க உக்காந்தா தானா வரும். வந்து வகுப்புல ரெண்டு நிமிஷம், பேப்பரைப் பாக்காம, என்ன கேட்டோம்னு சொல்லணும். மனப்பாடம் பண்ண ஒண்ணுமில்ல, ஏன்னா அது நடந்தது. பின்னாடி உக்காந்து பைக்கட்டுக் கட்டுறவன் அவன் சொந்த அப்பத்தா பேசினதைச் சொல்லும்போது எப்படிப் பேசுறான்னு பாருங்க.

அதையெல்லாம் சேத்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடலாம், டெர்முக்கு ஒண்ணு, சார்ட் பேப்பர்ல எழுதி ஆபீஸ் ரூம் வாசல்ல ஒட்டினாலே போதும். வீட்டுப் பொட்டியில பழைய நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, ஊருணி வெட்டினப்ப எடுத்த போட்டோ கிடந்தா போன்ல படம் பிடிச்சுட்டு திருப்பிக் குடுத்துரணும், ஒரிஜினலை ஸ்கூலுக்கு வாங்காதீங்க, தொலைஞ்சா ஊர்ச் சண்டை. இதெல்லாம் குப்பைன்னு யாராவது சொன்னா கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரைச் சொல்லுங்க. புத்தகத்தோட நாடக நோட்டீஸ், அழைப்பிதழ்னு எல்லாத்தையும் சேத்து வச்சவரு, அவரு 1992-ல போனதுக்கப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994-லருந்து சென்னையில அது அவரு பேர்லயே நூலகமா இருக்கு. உலகத்துல எங்கேருந்தோ வந்து ஆராய்ச்சிக்காரங்க அங்க உக்காந்து படிக்கிறாங்க.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிட்டுப் போறேன், கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம் கம்மி. கிளப்புங்குறது ஏதோ கான்வென்ட்டுலருந்து வந்த சமாச்சாரம்னு நம்ம ஆளுகளுக்கு ஒரு நெனப்பு. காரைக்குடியில இந்து மதாபிமான சங்கம் 1917-ல ஆரம்பிச்சப்ப அதுல முன்னால நின்ன, பின்னாடி தமிழறிஞரா பேரெடுத்த ராய. சொக்கலிங்கத்துக்கு இருபது வயசு கூட ஆகல. ரெண்டு வருஷம் கழிச்சு 1919-ல பாரதியே வந்து அந்தச் சங்கத்தைப் பாத்துட்டுப் பாட்டு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு, கையில கம்போட உக்காந்துருக்குற அவரோட படம் கூட அப்ப காரைக்குடியில எடுத்ததுதான். இருபது கூட ஆகாத பையன் முன்னால நின்னு நடத்தின சங்கம் அது. உங்க ஒம்பதாப்பு பிள்ளைக்கு அதுல இருந்து நாலஞ்சு வயசுதான் கம்மி.

அந்த ஆறு பேர் விஷயம். அதுகளை ஒதுக்காதீங்க, ஆனா தலைவர் பதவியை எடுத்துருங்க. செயலாளர், பொருளாளர்னு வருஷத்துக்கு ஒரு தடவை போடுறதை விட்டுட்டு மாசா மாசம் சீட்டுக் குலுக்கிப் போடுங்க. எண்ணுறவன், எழுதுறவன், நேரம் பாக்குறவன், கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றவன்னு வேலைக்கு ஆளு, பட்டத்துக்கு ஆளு வேண்டாம். குலுக்கல்ல ஒரு நன்மை என்னன்னா, எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளைக்குக் கீழ வேலை பாக்குதுங்குற கணக்கு ஊர்க்காரவுக மனசுல ஓடும், சீட்டு அந்தக் கணக்கை ஒடச்சுரும், யாரும் உங்க மேல பழி சொல்லவும் முடியாது. இன்னொண்ணையும் கண்ணை விட்டு எடுக்காதீங்க, கூட்டம் முடிஞ்சா பெஞ்சைத் தூக்குறது பையனுக, கூட்டுறதும் டம்ளர் கழுவுறதும் பொம்பளப் பிள்ளைகன்னு தானா ஆயிரும், யாரும் சொல்ல மாட்டாக ஆனா ஆயிரும். அதுக்கும் சீட்டு.

ஹெச்.எம். கேட்டைத் தாண்டாதேன்னு சொல்றது நியாயம், அவுகளைக் குத்தம் சொல்லாதீங்க. ஊருணின்னா தண்ணி, பிள்ளைக்கு ஏதாவதுன்னா மொதல்ல பதில் சொல்ல வேண்டியது அவுகதான். நீங்க வாயில கேக்காம பேப்பர்ல கேளுங்க. எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தப் பிள்ளைக, கூட எந்தப் பெரியவுக, எந்த வழியாப் போய் வர்றோம், படிக்குக் கீழ யாரும் இறங்க மாட்டோம், மழை நேரத்துல போக மாட்டோம்னு ஒரு பக்கம் எழுதி, பேரன்ட்ஸ் கையெழுத்து வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல வச்சு தீர்மானத்துல ஏத்திருங்க. குழுவுல இருக்குற அம்மாமாரு ரெண்டு பேரு முறை வச்சு கூட வரட்டும். ஹெச்.எம். பயம் பாதி இறங்கிரும், ஏன்னா முடிவு அவுக ஒருத்தர் தலையில இல்ல. அப்பவும் வேண்டாம்னா வாரா வாரம் வகுப்பே போக வேண்டாம், ஊருணிக் கரையில வீடு இருக்குற பிள்ளை அவுக அம்மாவோட நின்னு எண்ணிட்டு வந்து சொல்லட்டும், டெர்முக்கு ஒரு தடவை மட்டும் எல்லாரும் போங்க. ஊருணிக்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்வாயைப் பாக்கணும்னா மட்டும் கண்டிப்பா ஊர்ப் பெரியவுக கூட வரணும், நூறுநாள் வேலையில அந்தக் கால்வாயை வெட்டின ஆளுகளைக் கூப்பிடுங்க, எந்த இடத்துல மண்ணு மூடிக்கிச்சு எந்த இடத்துல யாரு சுவரு கட்டிட்டாகன்னு அவுகளுக்குத்தான் தெரியும். யாரு கட்டினதுன்னு மட்டும் பிள்ளைக நோட்டுல பேரு எழுதாம "இங்க அடைச்சிருக்கு"ன்னு மேப்புல குறிச்சா போதும். அதுக்கு மேல பெரியவுக பாத்துக்கட்டும், பிள்ளைகளை ஊர் வழக்குல மாட்டி விடக் கூடாது.

ஜே.ஆர்.சி.-யை இந்த ஊருணிக்குள்ள இழுக்காதீங்க, அது தனி. அதுல பிள்ளைகளுக்குக் கைப்பழக்கமா ரெண்டு மூணு வேலை தெரிஞ்சாலே பெருசு. நம்ம பக்கம் வயக்காட்டுல கம்மாக் கரையில பாம்பு சகஜம். கடிச்சா இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயை வச்சு உறிஞ்சக் கூடாது, கடிபட்ட ஆளை நடக்க விடாம, கை காலை அசைக்காம வச்சு 108-க்குப் போன் பண்ணி விஷமுறிவு மருந்து இருக்குற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், மந்திரிக்கிறவுக வீட்டுக்கு இல்ல. இதை ஒப்பிக்க விடாதீங்க, ஒரு பிள்ளையைப் படுக்க வச்சு நடிச்சுப் பாக்கணும், 108-ல என்ன கேப்பாக, நம்ம ஊருக்கு வழி எப்படிச் சொல்றது, எந்த முக்குல திரும்பணும்னு சொல்லிப் பாக்கணும். நிறையப் பேரு அங்கதான் தடுமாறுவாக. அப்புறம் வயித்துப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணி, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூன் தலை தட்டி. உப்பைக் கூட்டினா கெடுதல்னு அழுத்திச் சொல்லுங்க. வீட்டுல போய் அம்மாவுக்குச் செஞ்சு காட்டணும், அதான் ஹோம்வொர்க்கு.

நுகர்வோர் மன்றம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். கடையில விக்கிற சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் பாக்கெட்டுக் காலிக் கவரைக் கொண்டாரச் சொல்லுங்க. எடை இருக்கா, தயாரிச்ச தேதி இருக்கா, அந்த 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பர் இருக்கா, விலையில ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்னு பாக்கட்டும். வீட்டுக்கு வர்ற தண்ணி கேன்லயும் அதையே பாக்கட்டும், கேன்ல இருக்குறது எந்த ஊரு தண்ணின்னு தேடிப் போனா மறுபடி ஊருணிக்கே வந்து நிக்கும். ஒரு எச்சரிக்கை, நம்ம ஊர்ல வீட்டுல வச்சுப் பலகாரம் சுட்டு விக்கிற ஆச்சிமாரு உண்டு, சில பிள்ளைகளோட அம்மாவே அந்த வேலை பாப்பாக. அவுக பாக்கெட்டை எடுத்து வச்சு லேபிள் இல்லைன்னு வகுப்புல சிரிக்க விட்டுறாதீங்க. 1915-ங்குற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பரை எழுதிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

ஸ்கூல் விட்டதுக்கப்புறம் வைக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க. டவுன் பஸ்ஸை விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாத ஊரு, முதல்ல நிக்கிறது பொம்பளப் பிள்ளைகதான், அதுக வீட்டுல ஒரு நாள் லேட்டானா மன்றமே வேண்டாம்னு சொல்லிருவாக. அந்த வெள்ளிக்கிழமை பீரியடை மட்டும் யாருக்கும் விட்டுக் குடுக்காதீங்க. கணக்கு சார் போர்ஷன் முடியலைன்னு வந்து நிப்பாரு, சிரிச்சுக்கிட்டே இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டு வாரம் விட்டா படி எண்ணுற கணக்குல ஓட்டை விழுந்துரும், பிள்ளைகளும் ஓ இது அவ்வளவுதான் போலன்னு எடுத்துக்கும்.

பத்தாப்பு பேரன்ட்ஸ் கிட்ட வாதாடாதீங்க, அவுக பயம் பொய்யில்ல, அந்தப் பிள்ளைதான் அந்த வீட்டுல மொதல்ல பத்து தாண்டப் போற ஆளா இருக்கலாம். மன்றம் ஆறுலருந்து ஒம்பது வரைக்கும்னு வச்சுக்கங்க, ஒம்பதாப்பு நடத்தட்டும். பத்தாப்புல யாருக்காவது ஆசை இருந்தா அரையாண்டு வரைக்கும் வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போகட்டும், கட்டாயம் வேண்டாம்.

போட்டியைப் பத்தி நீங்க கேக்கல, ஆனா ஹெச்.எம். கேப்பாக. பிள்ளைகளோட அறிவியல் யோசனைக்கு மத்திய அரசு குடுக்குற இன்ஸ்பயர் விருது இருக்கு, ஆறாப்புலருந்து எடுப்பாக, தேர்வான பிள்ளைக்கு மாதிரி செய்ய 10,000 ரூபா வரும். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-லருந்து நடக்குது, நம்ம மாநிலத்துல தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அந்த வேலையைப் பாக்குது, உள்ளூர்ப் பிரச்சினையைப் பிள்ளையே ஆராய்ஞ்சு எழுதுறதுதான் அதோட அடிப்படையே, உங்க படிக்கணக்கு அதுக்கு அப்படியே பொருந்தும். ஆனா மொத வருஷம் எதுக்கும் அனுப்பாதீங்கன்னு தான் நான் சொல்லுவேன். போட்டின்னு வந்துட்டா நாம மாடல் செய்ய உக்காந்துருவோம், தெர்மாகோல் வாங்குவோம், பிள்ளை ஓரமா நின்னு வேடிக்கை பாக்கும். ஒரு பருவமழை முழுசா எழுதி முடிக்கட்டும், அடுத்த வருஷம் கையில நம்பர் இருக்கும், அப்பப் போகட்டும்.

கடைசியா பணம். உங்க ஊர்ல பொறந்து சென்னையிலயோ சிங்கப்பூர்லயோ இருக்குற யாராவது திருவிழாவுக்கு வருவாக, ஸ்கூலைப் பாத்துட்டு டீச்சர் என்ன வேணும்னு கேப்பாக, நம்ம பக்கத்துல அந்த மனசுக்குக் குறைச்சலே இல்ல. உடனே ஸ்மார்ட் டிவின்னு சொல்லிறாதீங்க. முப்பது மீட்டர் டேப் ஒண்ணு, பெரிய நோட்டு நாலு, படியில நம்பர் போட வெள்ளைப் பெயிண்டு ஒரு டப்பா, பிரஷ் ரெண்டு, முதலுதவிப் பெட்டி ஒண்ணு, இவ்வளவுதான் வேணும்னு சொல்லுங்க. பெயிண்டு அடிக்கிறதுக்கு முன்னாடி பஞ்சாயத்துல சொல்லி எழுத்துல வாங்கிருங்க, கோயில் ஊருணின்னா கோயில்லயும். பணமாக் குடுத்தா வாங்காதீங்க, பொருளா வாங்கிக் குடுக்கச் சொல்லி, ஹெச்.எம். கையால ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தி, பில்லோட ஜெராக்ஸை அவுககிட்ட அன்னிக்கே குடுத்துருங்க.